வயர் இல்லாத கேமராவுக்கு நான் வாங்கிய வயர்கள்

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருந்தது: வயர் வேண்டாம், கரண்ட் வேண்டாம், ஆள் வேண்டாம், ஐந்தே நிமிடத்தில் நீங்களே மாட்டிவிடலாம். அதை எழுதியவன் என் கையில் கிடைத்தால் அடிக்கமாட்டேன். எங்கள் வீட்டுப் புறவாசலுக்குக் கூட்டிவந்து, ஏணியைச் சாத்திக் கொடுத்து, "ஏறும்வே, நான் மணி பாக்கேன்" என்று மட்டும் சொல்வேன்.

ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில், வள்ளியூருக்குத் தெற்கே. அப்பா போன பிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறாள், நான் சென்னையில். புறவாசலில் கிணறு, மோட்டார், ஐந்து தென்னை, ஒரு முருங்கை. தெருவில் இரண்டு வீட்டில் மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே இருப்பது செம்பு அல்லவா, உரித்து எடைக்குப் போட்டால் காசு. அதிலிருந்து ராத்திரி நாய் குரைத்தாலே அம்மா எழுந்து லைட்டைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள் என்று பக்கத்து வீட்டு மைனி போனில் சொன்னபோது மனது கேட்கவில்லை. தள்ளுபடி போக 4,299 ரூபாய். சோலார் கேமரா. ஆடியில் மூன்று நாள் லீவு போட்டுக் கிளம்பினேன். ஐந்து நிமிட வேலைக்கு மூன்று நாள் எதற்கு என்று மேனேஜர் கேட்டார். நானும் சிரித்துக்கொண்டேதான் வந்தேன்.

பெட்டியைப் பிரித்துக் கேமராவை அமுக்கினால் உயிரே இல்லை. கையேட்டில் எறும்பு ஊர்ந்தது மாதிரி எழுத்தில், கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு வரி: முதல்முறை 12 மணி நேரம் சார்ஜரில் போட்டு ஏற்றவும். சார்ஜர் பெட்டியில் கிடையாது. வயர் வேண்டாதவனுக்கு முதல் வயர் இங்கேயே வந்துவிட்டது. ஒரு நாள் அதோடு போச்சு.

மறுநாள் காலையில் செயலியை இறக்கினேன். போன் நம்பர் கேட்டது, மின்னஞ்சல் கேட்டது, நான் நிற்கும் இடம் கேட்டது. என் போனில் உள்ள நம்பர்கள் எல்லாம் அதற்கு எதற்கு? கொடுக்காவிட்டால் அடுத்த பக்கம் போகமாட்டேன் என்கிறது. 2025 ஏப்ரலுக்கு அப்புறம் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. பெட்டியை ஆறு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், அப்படி ஒரு சான்று இருப்பதாக எங்கேயும் போட்டிருக்கவில்லை. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். புத்தி வேலை செய்யவில்லை.

போனில் வரும் கட்டம் கட்டமான கியூஆர் கோடு படத்தைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். காட்டினேன். திடீரென்று உள்ளே இருந்து ஒரு பெண் குரல், "பிளீஸ் வெயிட்" என்றது. அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"எய்யா, எவளோ பேசுதா?"

"கேமராம்மா."

"அது பேச வேற செய்யுமா?"

பேசும். பேசத்தான் செய்யும். இருபது தடவை "பிளீஸ் வெயிட்", இருபது தடவை "கனெக்ஷன் ஃபெயில்டு". மதியம் இரண்டு மணிக்குத்தான் விஷயம் பிடிபட்டது. இந்த மாதிரிக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும். நம் மோடமோ 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் விடுகிறது. போன் 5-இல் நின்றுகொண்டு கேமராவைக் கூப்பிட்டால் அதற்குக் காது கேட்காது. மோடத்துக்குள் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்ததும் சேர்ந்துகொண்டது. இதைப் பெட்டியின் மேல் போட்டால் என்ன கொள்ளையா போகும்? அங்கே ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் புல்தரையில் சிரித்துக்கொண்டு நிற்கும் படம்தான் இருக்கிறது.

முன்வீட்டில் சேர்ந்த கேமரா புறவாசலுக்குக் கொண்டுபோனதும் மயங்கி விழுந்தது. தாத்தா காலத்து வீடு, சுண்ணாம்புச் சுவர், ஒன்றரை அடி கனம். திண்ணை, பட்டாசாலை, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீளமாகப் போகும். மோடம் வாசல் பக்கம், கிணறு மறுகோடியில். நாலு சுவரைத் துளைத்துக்கொண்டு போவதற்கு வைஃபை என்ன கடப்பாரையா? வள்ளியூர் போய், வைஃபையை நடுவழியில் வாங்கித் தள்ளிவிடுகிற ரிப்பீட்டர் ஒன்று வாங்கி வந்தேன். அதை மாட்ட அடுப்படியில் பிளக் பாயிண்ட் இல்லை, ஆகவே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஆடிக் காற்றில் கரண்ட் போனால் மோடமும் ரிப்பீட்டரும் சேர்ந்து படுத்துவிடும், வெயிலில் ஓடும் கேமரா யாரிடம் போய்ச் சொல்லும்? ஆகவே இரண்டுக்கும் யுபிஎஸ். எண்ணிக்கொண்டே வாருங்கள்.

சுவரில் ஓட்டை போடுகிற கதை வேண்டாம். டிரில்லிங் மெஷினை வைத்ததும் பூச்சு பொலபொலவென்று கொட்டி, ஸ்குரூ போக வேண்டிய இடத்தில் என் கட்டைவிரல் போனது.

சோலார் தகட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கையேட்டில் படம் போட்டிருந்தது: தெற்கே பார்த்து 45 டிகிரி சாய்வு. நானும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி போனில் கோணம் பார்த்து அப்படியே வைத்தேன். மறுநாள் நல்ல வெயில். உச்சிப் பொழுதில் அண்ணாந்து பார்க்கிறேன், சூரியன் எனக்கு வடக்கே நிற்கிறது! பின்னே? நாம் இருப்பது எட்டரை டிகிரி அட்சரேகையில். சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதி வரை உச்சி வெயில் நமக்கு வடக்குப் பக்கமாகத்தான் வரும். எங்கேயோ குளிர் ஊரில் இருப்பவனுக்கு எழுதின கையேட்டை நம்பி, தகட்டுக்கு முதுகில் வெயில் காயவிட்டிருக்கிறேன். ஆடியில் 45 டிகிரி தெற்கே சாய்த்தால் நடுமத்தியான வெயிலில் ஏறக்குறையப் பாதிதான் உருப்படியாகச் சேரும். நமக்குக் கிட்டத்தட்டப் படுக்க வைத்தாலே போதும், மழைத் தண்ணீரும் தூசியும் வழிகிற அளவுக்குச் சாய்வு இருந்தால் சரி.

படுக்க வைத்தேன். தென்னை ஓலையின் நிழல் சீப்பு மாதிரி வந்து தகட்டின் மேல் ஆடியது. தகட்டுக்குள் செல்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை, ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் மற்றதையும் சேர்த்து இழுத்துவிடும். இடத்தை மாற்றினேன். காகம் எச்சமிட்டது. துடைத்தேன். ராத்திரி ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று, தகட்டை அப்படியே திருகிச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தால் தண்டனை வாங்கின பிள்ளை மாதிரி நிற்கிறது. கட்டுக்கம்பி வாங்கிவந்து இறுக்கிக் கட்டினேன். ஆமாம், அதுவும் ஒரு கம்பிதான்.

ஏணியில் நின்று பார்த்தால் பணகுடி வரைக்கும் காற்றாலை சுற்றுகிறது. அந்தப் பக்கம் கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட்டில் அணு உலைகள். ஊருக்கே கரண்ட் கொடுக்கிற சீமையில் நின்றுகொண்டு, 9 சதவீதத்தில் மினுக்கிற ஒரு கேமராவுக்காக நான் காகத்தோடு சண்டை போடுகிறேன்.

அப்புறம் அலாரம். இந்தக் கேமராக்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிக்கொண்டே இருக்கும், முன்னால் சூடான ஒன்று அசைந்தால்தான் விழிக்கும். எங்கள் புறவாசலில் எது சூடில்லை, எது அசையாமல் இருக்கிறது? வெயிலில் காய்ந்த முருங்கைக் கிளை அசைந்தால் செய்தி, எதிர்வீட்டு வெள்ளாடு வந்தால் செய்தி, மயில் வந்தால் செய்தி. நான் சென்னை திரும்பின முதல் நாளே 63 செய்தி. 'மனிதர் நடமாட்டம்' என்று வருவதைத் திறந்தால் சேவல். ஆளை மட்டும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமா, மாதச் சந்தா கட்டு என்கிறது. எதற்குய்யா சந்தா, சேவலையும் மனுஷனையும் பிரித்துச் சொல்வதற்கா? கட்டவில்லை. உணர்திறனைக் குறைத்துவைத்தேன். போன் அமைதியானது. நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

புரட்டாசியில் ஒருநாள் காலை அம்மா கூப்பிட்டாள். "எய்யா, மோட்டார் ஓடல. வயரைக் காணும்."

கை நடுங்கச் செயலியைத் திறந்தேன். ராத்திரி 2:47-க்கு ஒரே ஒரு பதிவு, பத்து வினாடி. கிணற்றடித் தகரக் கதவு ஆடிக்கொண்டிருக்கிறது. ஆள் இல்லை. அவன் உள்ளே வந்தபோது இது தூங்கியிருக்கிறது, வேலை முடிந்து போகும்போது விழித்து, கண்ணைக் கசக்கிப் பார்ப்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டான். அம்மா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். கேமரா இருக்கிறதா என்று கேட்டார்களாம், பெருமையாக இருக்கிறது என்றிருக்கிறாள். பத்து வினாடியை மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "கதவு நல்லாத் தெரியுதும்மா" என்றாராம் ஒருவர்.

புது மோட்டார் வயர் போட வந்த கரண்ட் வேலைத் தம்பி என்னிடம் போனில் சொன்னான்: "அண்ணே, வயர் கேமராவா வாங்கி, மோடத்துப் பக்கத்துல கரண்ட் ஏத்துற சின்னப் பெட்டி ஒண்ணு வச்சு, அங்கேருந்து ஒரே ஒரு நெட்வொர்க் வயர் இழுத்திருந்தா அதுலயே கரண்டும் போயிருக்கும், படமும் வந்திருக்கும். தூங்கவும் செய்யாது. அரை நாள் வேலை." சார்ஜர், எக்ஸ்டென்ஷன், யுபிஎஸ் வயர், கட்டுக்கம்பி, இப்போது மோட்டார் வயர் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டேன். வாய் திறக்கவில்லை.

நேற்று மத்தியானம் நேரலையைத் திறந்தால் முழுக்க நீலம், நடுவில் மங்கலாக ஒரு பூ. கேமரா கெட்டுவிட்டது என்று அம்மாவுக்குப் போன் அடித்தேன்.

"கெடலய்யா. என் பழைய சேலைக் கிழிசலை மேல போட்டிருக்கேன். கிணத்தடில குளிக்கப் போனா எவனோ உத்துப் பாக்க மாதிரி இருக்கு. ராத்திரி எடுத்துவிடுதேன்."

"ராத்திரி எடுக்க ஏணியில ஏறுவியா நீ?"

"ஏணி எதுக்கு? தொரட்டி இருக்குல்லா."