புல்லட்டுன்னா அப்படித்தானாமே!

பழைய காஸ்ட் அயர்ன், அதான் வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டை விக்கிறவங்க, வாங்கி ரெடி பண்றேன்னு கிளம்புறவங்க, நடுவுல கமிஷன் அடிக்கிறவங்க, எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்தத் திட்டு. டேங்குக்கு கோல்டு லைன் போடக் காசு இருக்கு, மட்கார்டுக்கு குரோம் ஏத்தக் காசு இருக்கு. கியர் பாக்ஸ் என்ன நிலைமையில இருக்குன்னு பாக்க மட்டும் யாருக்கும் மனசு வராது. கேட்டா, "நடுவுல நியூட்ரல் விழும், கியர் கழண்டுக்கும், புல்லட்டுன்னா அப்படித்தான் பாஸ்!"

என்னய்யா அப்படித்தான்? திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில இருந்து வந்த, வலது கால்ல போடுற அந்த நாலு கியர் ஆல்பியன் டிசைன் பாக்ஸ்ல நீங்க சொல்ற ரெண்டும் ரெண்டு வேற வியாதி. மாத்தும்போது ரெண்டு கியருக்கு நடுவுல வெத்தா நின்னா அது பெரும்பாலும் செட்டிங். ரெண்டு போல்ட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டர் பிளேட்டை அரை நூல் முன்னாலயோ பின்னாலயோ நகத்தி, ஓட்டிப் பாத்து இறுக்குற வேலை. விழுந்த கியர் லோடுல தானா வெளிய குதிச்சா அது தேய்மானம். பினியனோட, அதாவது உள்ள இருக்கிற பல் சக்கரத்தோட, பக்கப் பல்லு, அதான் டாக், ஓரம் மழுங்கிப் போயிருக்கும், இல்ல கியரைத் தள்ளுற ஃபோர்க் வளைஞ்சிருக்கும். பாக்ஸைப் பிரிச்சே ஆகணும். முதல்ல சொன்னது ஸ்பேனர் வேலை, ரெண்டாவது பர்ஸைக் காலி பண்ற வேலை. ரெண்டையும் ஒரே வாக்கியத்துல மூடி மறைக்கிறாங்க பாருங்க, அங்கதான் பத்திக்கிட்டு வருது.

அடுத்த வித்தை, சென்டர் ஸ்டாண்டுல போட்டு நாலு கியரும் மாத்திக் காட்டுறது. லோடே இல்லாம எந்த மழுங்கின டாக்கும் குதிக்காது! பின்னால ஒரு ஆளை ஏத்துங்க. மேட்டுல ரெண்டாவது கியர் போட்டு ஆக்சிலேட்டரை நல்லாத் திறங்க, அப்புறம் பட்டுனு மூடுங்க. மூணாவதுலயும் இதையே செய்யுங்க. லிவர்ல கால் இருக்கக் கூடாது. கால வச்சு அமுக்கிக்கிட்டே ஓட்டிக் காட்டுற ஆளுங்களும் உண்டு, ஜாக்கிரதை.

சத்தத்தையும் கேளுங்க. இந்த பாக்ஸ்ல நாலாவது நேர் டிரைவ். கிளட்ச்ல இருந்து வர்ற மெயின் ஷாஃப்டும், செயின் ஸ்ப்ராக்கெட்டைச் சுத்துற ஸ்லீவ் பினியனும் ஒண்ணாப் பூட்டிக்கும், பக்கத்துல இணையா ஓடுற லே ஷாஃப்டுக்குச் சுமை கிடையாது. ஒண்ணு, ரெண்டு, மூணுல ஊளையிட்டு நாலுல அடங்கிட்டா, லே ஷாஃப்ட் பக்கம் பல்லோ, ஷாஃப்டைத் தாங்குற வெண்கல புஷ்ஷோ போயிருக்குன்னு அர்த்தம். செயினைப் புடிச்சு ஸ்ப்ராக்கெட்டை மேலயும் கீழயும் ஆட்டுங்க. டக்டக்னு அடிச்சா ஸ்லீவ் பக்க பேரிங்கும் புஷ்ஷும் சந்தேகம்.

இந்த ஊளையை அடக்கத்தான் சிலர் வீல் பேரிங் கிரீஸை உள்ள திணிச்சு வைக்கிறாங்க. "அந்தக் காலத்துலயே கிரீஸ்தான் சார்!" ஆமா, ஓடுற பதத்துல இருக்கிற இளகின கிரீஸ். கெட்டி கிரீஸ்ல பினியன் வாய்க்கால் வெட்டிக்கிட்டுச் சுத்தும், தள்ளின கிரீஸ் திரும்ப வராது, புஷ் காஞ்சு சாகும். மூடியைத் திறந்து கம்பியை விட்டு எடுத்துப் பாருங்க. சாம்பல் நிறப் பசை பரவாயில்ல. தங்கத் தூள் மாதிரி மின்னினா புஷ். காந்தத்துல சில்லு சில்லா ஒட்டினா உடைஞ்ச பல்லு. அப்படி இருந்தா பாக்ஸுக்குத் தனியா விலை குறைக்கச் சொல்லுங்க.

இதுக்கு நேர்மாறான கூத்தும் நடக்குது. இன்ஜின் ஓடும்போது நியூட்ரல் விழலன்னா உடனே பாக்ஸைப் பிரிச்சுப் போடுற மெக்கானிக்! கிளட்ச் பிளேட் ஒட்டி இழுத்தாலும் அப்படித்தான் ஆகும். கிளட்சைப் புடிச்சுக்கிட்டு நாலு கிக் அடிச்சு பிளேட்டைப் பிரிச்சு விட்டு, கேபிளைச் சரி பண்ணிட்டு அப்புறம் பேசணும். கிக்கும் அப்படியே: இன்ஜின் சுத்தாம மெத்துனு இறங்கினா கிளட்ச் வழுக்குது, கடக்குனு குதிச்சா உள்ள கிக்கரைக் கவ்வுற ராட்செட் பல்லு போச்சு.

பிரிச்சுட்டீங்கன்னா தயவு செஞ்சு மழுங்கின ஒரு பினியனை மட்டும் மாத்தாதீங்க. அதோட கோக்குற ஜோடியையும் சேர்த்து மாத்துங்க. புது டாக்கைப் பழைய மழுங்கல்ல கோத்தா கொஞ்ச நாள்லயே அதுவும் மழுங்கி, திரும்ப குதிக்க ஆரம்பிக்கும். அப்பவும் அந்த மெக்கானிக் சொல்லுவார்: "புல்லட்டுன்னா..."