லேசான ஆஸ்துமாதானே என்று விட்டுவிடாதீர்கள்

"மைல்ட் ஆஸ்துமாதான், பயப்பட வேண்டாம்" என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வயது 34. அந்த 'மைல்ட்' மட்டும்தான் காதில் விழுந்தது. காலையும் இரவும் இழுக்கச் சொன்ன ஸ்டீராய்டு இன்ஹேலரை இரண்டே மாதத்தில் நிறுத்திவிட்டேன். வீசிங் வந்தால் நீல இன்ஹேலர் இரண்டு பஃப், அவ்வளவுதான். மூன்று வருடம் இப்படியே சைக்கிள் ஓட்டினேன்.

அப்புறம் ஒரு போகி அன்று காலை. ஐந்தரைக்கு அஸ்தம்பட்டியில் கிளம்பினோம். தெருவுக்குத் தெரு பழைய பாயும் டயரும் எரிந்துகொண்டிருந்தன. அந்தப் புகையிலேயே கோரிமேடு தாண்டி, அடிவாரம் போய், மலை ஏறினோம். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஏரிக்கரையில் டீ வாங்கிக் கையில் வைத்திருக்கிறேன், சைக்கிளை நிறுத்தி ஐந்து நிமிடம்கூட இருக்காது, நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியது போல ஆகிவிட்டது. உள்ளே பூனைக்குட்டி கத்துகிற சத்தம் எனக்கே கேட்டது. இன்ஹேலரை எடுத்து அடித்தேன். புஸ்ஸென்று வந்தது, ஆனால் மருந்து இல்லை. டப்பாவில் 200 பஃப்தான் மருந்து இருக்கும், அது தீர்ந்த பிறகும் வெறும் வாயு வந்துகொண்டிருக்கும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. நண்பர்கள் ஒரு காரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நெபுலைசர் வைத்த பிறகுதான் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தது.

ஏன் நின்ற பிறகு வந்தது? மேட்டில் மிதிக்கும்போது வாயால்தான் மூச்சு வாங்குகிறோம். குளிர்ந்த காற்று மூக்கில் சூடாகாமல், ஈரம் ஏறாமல் நேராக உள்ளே போய் மூச்சுக்குழாயை உலர்த்துகிறது. ஏற்கெனவே உள்ளே வீக்கம் இருந்தால் சுற்றியுள்ள தசை சுருங்கிக்கொள்ளும். உடற்பயிற்சியால் வரும் இரைப்பு பெரும்பாலும் நிறுத்திய பிறகு சில நிமிடங்களில்தான் உச்சத்துக்குப் போகும். நீல இன்ஹேலர் அந்தத் தசையைத் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது நான் நிறுத்தி வைத்திருந்த அந்த இன்னொரு மருந்து. லேசான ஆஸ்துமாவாக இருந்தாலும் நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று, உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜினா அமைப்பு 2019 முதல் சொல்லிவருகிறது. 'லேசான' என்ற பேருக்குப் பின்னாலும் பெரிய அட்டாக் வரும்.

எங்கள் வீட்டிலும் சொன்னார்கள்: "பம்பு பிடிச்சா விடவே முடியாது, மாத்திரையே போதும்." இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிற பேச்சு. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம். இரண்டு பஃப் சேர்த்தாலே 0.2 மில்லிகிராம்தான், இருபதில் ஒரு பங்கு. மாத்திரை உடம்பு முழுக்கச் சுற்றிக் கை நடுக்கமும் படபடப்பும் தருகிறது. பஃப் வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது. இதில் மறைக்கவோ வெட்கப்படவோ என்ன இருக்கிறது? டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை நான்கு முறை வென்ற கிறிஸ் ஃப்ரூமுக்கும் ஆஸ்துமா உண்டு. 2014-ல் டாஃபினே பந்தயத்தில் ஓட்டிக்கொண்டே அவர் இன்ஹேலர் அடித்ததை டிவியில் உலகமே பார்த்தது.

இப்போது இரண்டு வேளையும் ஸ்டீராய்டு இன்ஹேலரை, ஸ்பேசர் என்ற குழாயை மாட்டி இழுக்கிறேன், இழுத்ததும் வாய் கொப்பளிக்கிறேன். இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படரும். டாக்டர் சொன்னபடி மலை ஏறுவதற்குக் கால் மணி நேரம் முன்பு நீல இன்ஹேலர். மிச்சம் எத்தனை பஃப் என்று எண் காட்டுகிற டப்பாவாகப் பார்த்து வாங்குகிறேன். கொண்டப்பநாயக்கன்பட்டி வரை மெதுவாகத்தான் மிதிப்பேன், கூட வருகிறவர்கள் முந்திப் போகட்டும். அந்தப் பதினைந்து நிமிட வார்ம்-அப் என் நெஞ்சுக்கு வேண்டும். குளிர் நாளில் மூக்கையும் வாயையும் மூடி ஒரு துணி. போகி அன்று சைக்கிள் வெளியே வராது. மேலே போனதும் சட்டென்று நிற்காமல் ஏரியை மெதுவாக ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் டீ.

இரண்டு வருடமாக ஒரு அட்டாக் இல்லை. காபி பூக்கிற பருவத்தில், அந்த வாசனைக்காகவே ஒரு வளைவில் நின்று மூக்கால் ஆழமாக மூச்சு இழுத்தேன். அது முழுசாக உள்ளே போனது.

வரும் ஞாயிறு ஐந்தே முக்காலுக்கு அடிவாரத்தில் இருப்பேன். வீசிங் இருக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். இன்ஹேலர் பையின் அடியில் வேண்டாம், சட்டைப் பாக்கெட்டில் இருக்கட்டும். கிளம்புவதற்கு முன் ஒருமுறை எண்ணைப் பார்த்துவிடுங்கள்.