ஆற்றங்கரையில் ஆறு இல்லை

பேப்பரைப் பிரித்ததும் அப்பா முதலில் தேடுவது அணை நிலவரம்தான். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 1959இல் கட்டியது. அதில் அடி குறைந்தால் அவர் முகமும் சுருங்கும். ராமநாதபுரம் கடலோரம் தேவிபட்டினம் பக்கம் கிடக்கிற எங்களுக்கும் அந்தக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? பக்கத்திலேயே ஆற்றங்கரை என்று ஓர் ஊர். பேரில்தான் ஆறு. வெள்ள வருசம் வந்தால்தான் வைகை அங்கே கடலைப் பார்க்கும்.

வறட்சி வந்தால் பாசனத்துக்கு ஷட்டரை மூடி, குடிக்க மட்டும் என்று வைப்பார்கள். மதுரை குடித்து, ஆற்று மணல் குடித்து, மிச்சம் எங்கே கடைமடைக்கு வர? 2017இல் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அதே அணையில் தெர்மாகோல் மிதக்க விட்டார்கள். நாடே சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, இப்போது குழாயில் வருவது திருச்சிக் காவிரித் தண்ணீர். அதாவது குடகில் மழை பெய்து மேட்டூர் நிறைந்தால்தான் எங்கள் வீட்டில் உலை. வாரக்கணக்கில் குழாயில் காற்றுதான் வருகிறது. லாரித் தண்ணீர் குடம் பத்து ரூபாய்.

அப்பத்தா காலத்தில் லாரி ஏது? பனங்காட்டு மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் கோரிக் குடம் நிரப்புவார்களாம். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மெலிசாக நிற்கும். ஒரு முழம் கூடத் தோண்டினால் கரிக்கும். "அவசரப்படாதடா, ஊறட்டும்" என்பாள். அந்தப் பொறுமை மோட்டாருக்கு ஏது? போர்வெல் போட்டு உறிஞ்சினோம், உப்பு மேலே ஏறிவிட்டது. அப்போதெல்லாம் ஊர் குடிக்கிற குளமான ஊருணியில் யாரும் கால் வைக்க முடியாது, மாடு இறங்கினால் அபராதம். கலங்கல் தெளியத் தேத்தாங்கொட்டையைப் பானையில் உரைத்துவிடுவாள். இப்போது அதே ஊருணியில் கோழிக்கடைக் கழிவு, கரையெல்லாம் சீமைக்கருவேல், அதற்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலில் யாரோ கட்டிய சுவர்.

அணை வேண்டாம், குழாய் வேண்டாம் என்று சொல்லவில்லை. குழாய் வந்த மறுநாளே ஊருணியைக் கைவிட்டோமே, அதுதான் எரிகிறது. போன கிராமசபையில் கேட்டேன். "அதான் காவிரி வந்துருச்சுல்ல தம்பி" என்றார்கள். அன்றைக்கும் குழாயில் காற்றுதான்.

அடுத்த கிராமசபைக்கு மனு எழுதிவிட்டேன். நூறு நாள் வேலையில் ஊருணியைத் தூர்வாரணும், வரத்துக்காலை அளக்கணும், இரண்டே கோரிக்கை. கையெழுத்துப் போட வருகிற நம்மூர்ப் பசங்க இன்பாக்ஸில் சொல்லுங்க. சுவர் கட்டினவர் நம்ம சொந்தக்காரர்தான், அதை நான் பார்த்துக்கிறேன்.