புதன்கிழமை மாலை கிளையண்டை நிறுத்தத் தெரியாதவர்களுக்கு எதற்குச் சந்தா?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் ஆட்டத்தில் பாட் (நமக்குப் பதிலாகத் தானே ஆடும் நிரல்) போடும் பசங்களுக்காக இந்தப் பதிவு. பாட் போடுவது ஆட்டத்தை நடத்தும் ஜாகெக்ஸ் கம்பெனியின் விதிப்படி தப்புதான். பிடித்து ஐடியைத் தூக்கினால் அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. 2011 அக்டோபர் கடைசியில் லட்சக்கணக்கான ஐடிகளை ஒரேயடியாகத் தூக்கினார்களே, அது அவர்கள் உரிமை. என் கோபமெல்லாம் மாதாமாதம் டாலரில் சந்தா வாங்கிக்கொண்டு, கிளையண்டை (ஆட்டத்தைத் திறந்து பாட்டை ஓட்டும் நிரலை) கேட்பாரில்லாமல் விட்டுவிடும் பாட் தளத்தார் மேல்தான்.

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்புக்கு வாராவாரம் அப்டேட் வரும். பெரும்பாலும் புதன்கிழமை, நம்ம நேரப்படி சாயங்காலம் நாலு, ஐந்து மணி வாக்கில். ஆட்டத்தின் ஜாவா கோடைக் குழப்பியடித்துத்தான் வெளியிடுவார்கள். போன வாரம் ஒரு பெயரில் இருந்த வகுப்பும் (class) மாறியும் (variable) இந்த வாரம் வேறு பெயரில் இருக்கும். உயிர் எங்கே இருக்கிறது, பையில் என்ன இருக்கிறது, ஆள் எந்தக் கட்டத்தில் நிற்கிறான் என்பதையெல்லாம் பாட் படிக்க, அந்தப் புது இடங்களைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். இதைத்தான் ஹுக் என்கிறோம். அதைத் தேடிக் கொடுப்பது அப்டேட்டர் என்ற தனி நிரல்.

இடம் கிடைத்தாலும் வேலை முடியாது. எண்களை அப்படியே வைக்கமாட்டார்கள், ஒரு ஒற்றைப்படை எண்ணால் பெருக்கித்தான் வைப்பார்கள். படிக்கும்போது அதன் எதிர்ப்பெருக்கியால் பெருக்கி, கடைசி 32 பிட்டை மட்டும் எடுத்தால் நிஜ எண் வரும். நிஜத்தில் இருக்கும் பெருக்கிகள் ரொம்பப் பெரியவை, புரிவதற்காகச் சின்ன எண்ணை எடுத்துக்கொள்வோம். பெருக்கி 3 என்றால் எதிர்ப்பெருக்கி 2863311531. உயிர் 40 என்றால் உள்ளே 120 என்று இருக்கும். 120ஐ அந்த எண்ணால் பெருக்கிக் கடைசி 32 பிட்டை எடுத்தால் சரியாக 40 வந்துவிடும். அடுத்த வாரம் ஜாகெக்ஸ் பெருக்கியை 5 ஆக்கிவிட்டார்கள் என்று வையுங்கள். அதே உயிர் 40, உள்ளே 200. ஹுக் கோப்பில் இன்னும் பழைய எதிர்ப்பெருக்கிதான் கிடக்கிறது. 200ஐ அதனால் அதேபோல் பெருக்கினால் வருவது 143,16,55,832. ஸ்கிரிப்டுக்கு, அதாவது பாட் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கட்டளைத் தொகுப்புக்கு, உயிர் 143 கோடி என்று தெரியும். "உயிர் 20க்குக் கீழே போனால் மீன் சாப்பிடு" என்று எழுதியிருக்கிற கட்டளை ஒருகாலும் ஓடாது. பையில் மீன் இருக்க, ஆள் அடிவாங்கியே சாவான். அந்த ஸ்கிரிப்டை எழுதியவர் மேல் எள்ளளவும் தப்பில்லை.

இதைத் தடுப்பது பெரிய வித்தை கிடையாது. ஆட்டக் கோப்புக்கு, எந்த வெளியீடு என்று காட்டும் ஒரு ரிவிஷன் எண் உண்டு. ஹுக் கோப்பும் அதே எண்ணைச் சுமக்க வேண்டும். கிளையண்ட் திறக்கும்போது இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகவில்லை என்றால் லாகின் திரையிலேயே நின்றுவிட வேண்டும். பிறகு தளத்து ஆள் ஒருவர், போனால் போகட்டும் என்கிற ஒரு ஐடியில் உள்ளே போய், உயிர், பை, இடம், வங்கி, அனுபவப் புள்ளி என்று பத்துப் பதினைந்து மதிப்புகளைக் கண்ணால் சரிபார்த்துவிட்டுத் திறந்துவிடலாம். அவ்வளவுதான் வேலை. இவர்களோ முதலில் திறந்தது நாங்கள்தான் என்று காட்டிக்கொள்ள, அப்டேட்டர் துப்பியதை அப்படியே எல்லாருக்கும் அனுப்புகிறார்கள். அப்டேட்டுக்காக சர்வர் விழுந்து எழுந்ததும் ஆட்டோ லாகின் ஆளைத் தானாக உள்ளே கொண்டுபோய் விடுகிறது. தளத்தின் நிலவரப் பக்கமோ எல்லாம் சரி என்று பச்சையாகவே இருக்கும்.

கேட்டால் ஒரே பதில்: "ரிஸ்க் உங்களுடையது." இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஜாகெக்ஸ் தடை செய்வது ஒரு ரிஸ்க், அதை ஏற்றுக்கொண்டுதான் வருகிறோம். தவறான ஹுக்கால் ஆள் சாவதும், ஒரே கட்டத்தை ஆயிரம் தடவை கிளிக் செய்து மாட்டிக்கொள்வதும் அந்த ரிஸ்க்கில் சேராது. அது தளத்தின் பிழை. இரண்டையும் பிரித்துப் பார்க்க லாக் கோப்பு போதும். கிளையண்ட் எந்த ரிவிஷனை ஏற்றியது, எத்தனை மணிக்கு ஏற்றியது என்று பாருங்கள். அதற்குப் பிறகு ஒரே ஆயத்தொலைவில் கிளிக் திரும்பத் திரும்ப விழுந்திருந்தாலோ, நடக்கவே முடியாத பெரிய எண் வந்திருந்தாலோ ஹுக் தப்பு. அந்த வரிகளை நேரத்தோடு நகலெடுத்து வைத்துக்கொண்டுதான் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

கரண்ட் விஷயத்திலும் இதே அலட்சியம்தான். நம்ம ஊரில் புயல் என்றாலே முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். புயலே வேண்டாம், யூபிஎஸ்ஸில் கணினி ஓடும், மோடம் மட்டும் அணைந்துவிடும். லைன் திரும்பி வந்ததும் கிளையண்டைத் திறந்தால் "உங்கள் செஷன் (பாட் தளத்தில் நம் சந்தாவுக்கான இணைப்பு) ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று நிற்கும். ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை கிளையண்ட் பாட் தளத்தின் சர்வருக்கு உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும், மூன்று தடவை சத்தமில்லை என்றால் செஷனை விடுவிக்க வேண்டும். இந்தச் சின்ன ஏற்பாடுகூட இல்லாத தளங்களில், காசு கொடுத்த செஷன் மணிக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். குறைந்தபட்சம் கணக்குப் பக்கத்தில் "எல்லாச் செஷனையும் மூடு" என்று ஒரு பொத்தானாவது வைக்கலாம். மோடத்தையும் யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள், பாதித் தொல்லை குறையும்.

சந்தா முடியும்போதும் நிறுத்தத் தெரியவில்லை. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே நம் ஒப்புதல் பதிவாகியிருக்க வேண்டும், 24 மணி நேரம் முன்னால் தகவலும் வர வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத வெளிநாட்டுத் தளத்தின் தானியங்கிப் புதுப்பிப்பு நம் கார்டில் நிராகரிக்கப்படும். சந்தா இல்லை என்று தளம் உடனே கிளையண்டைத் துண்டிக்கும். ஸ்கிரிப்ட் நடுக்காட்டில் நிற்கும், அரக்கன் முன்னால் ஆள் சிலை மாதிரி. ஆளை லாக் அவுட் செய்துவிட்டுத் துண்டிக்க இரண்டு வரி கோட் போதும். அதுவரை தானியங்கிப் புதுப்பிப்பை நம்பாமல், முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன்பே கையால் கட்டுங்கள்.

இன்னொன்று, கிளையண்ட் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஐடியும் பாஸ்வேர்டும் சாதாரண எழுத்தாகவே கிடந்தால், வங்கி வேலை பார்க்கிற அதே விண்டோஸ் கணக்கில் அதை ஓட்டாதீர்கள். வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லும் தளம் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

இந்தப் புதன்கிழமை மூன்று மணிக்கே ஸ்கிரிப்டை நிறுத்தி ஆட்டோ லாகினை எடுத்துவிடுங்கள். வியாழன் காலையில் ஒரே ஒரு ஐடியை, ஆபத்தில்லாத மரவெட்டு இடத்தில் பத்து நிமிடம் ஓட்டி, ஸ்கிரிப்ட் காட்டும் உயிரும் பையும் திரையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டையும் ஒரே ஸ்கிரீன்ஷாட்டில் எடுத்து கமெண்டில் போடுங்கள், ரிவிஷன் எண்ணோடு.