பையனுக்கு இல்லை சார், சீட்டு எனக்குத்தான்

"பையனுக்கா சார்?"

இந்த இரண்டு மாதத்தில் மூன்று கல்லூரி ஏறி இறங்கிவிட்டேன். எந்த கவுன்ட்டரில் நின்றாலும் முதல் கேள்வி இதுதான். எனக்குத்தான் என்று சொன்னால் உள்ளே இருப்பவர் தலையைத் தூக்கி என் நரைத்த மீசையைப் பார்க்கிறார். அப்புறம் பக்கத்து மேசைக்காரரைப் பார்க்கிறார். அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை.

2005-இல் பிளஸ் டூ முடித்த கையோடு ராணுவ ஆள்சேர்ப்பில் ஓடித் தேர்வாகி, பயிற்சிக்காக நீலகிரியில் இருக்கும் வெலிங்டனுக்கு ரயிலேறியவன் நான். ஏன் போனாய் என்று எங்கள் வேலூர்ப் பக்கம் யாரும் கேட்க மாட்டார்கள். கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள், சுற்றுப்பட்டு ஊர்களிலும் அப்படித்தான். எனக்கு பி.ஏ. வரலாறு இடம் கிடைத்திருந்தது. அப்பாவிடம் காசு இல்லை, தங்கச்சி கல்யாணம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வந்து படிச்சுக்கலாம்ப்பா என்று நானேதான் சொன்னேன். 17 வருஷம் அந்த வார்த்தையை மறக்கவில்லை.

"சர்வீஸ்ல இருக்கும்போதே தபால்ல முடிச்சிருக்கலாமே" என்று சுலபமாகச் சொல்கிறார்கள். முயற்சி செய்யாமலா இருந்தேன்? தபால்வழிப் பட்டம் தரும் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டினேன். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. முதல் ஜூனில் யூனிட் மலை மேல் இருந்தது. டிசம்பரில் லீவு ரத்து. அடுத்த ஜூனுக்குள் வேறு ஸ்டேஷனுக்கு மாற்றல், புத்தகப் பார்சல் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பிவிட்டது. வருஷத்துக்கு 60 நாள் லீவில் அம்மாவின் ஆபரேஷனைப் பார்ப்பதா, மகள் முகத்தைப் பார்ப்பதா, தேர்வு மையத்தைத் தேடுவதா?

வெளியே வரும்போது ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 15 வருஷத்துக்குக் குறையாமல் பணி செய்தவர்களுக்கு, பட்டப்படிப்புக்கு இணை என்று கொடுப்பது. பட்டாளத்தில் கிராஜுவேஷன் சர்டிபிகேட் என்போம். என் மனைவி அதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். நேராக எம்.ஏ. சேர்ந்துவிடலாம் என்று அதை எடுத்துக்கொண்டு போனேன். "சார், இது வேலைக்கு மட்டும்தான். டிகிரி கிடையாது" என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

இதை வைத்து மத்திய அரசின் குரூப் சி வேலைக்கு விண்ணப்பிக்கலாம், வங்கி கிளார்க் தேர்வு எழுதலாம். அங்கெல்லாம் நான் பட்டதாரிக்குச் சமம். வகுப்பில் உட்கார வேண்டும் என்றால் மட்டும் வெறும் பிளஸ் டூ. நான் பட்டதாரியா இல்லையா, யாராவது ஒரே பதிலைச் சொல்லுங்கள்! கையில் கொடுத்தபோது ஒருவராவது இதைச் சொல்லியிருந்தால் 2 வருஷம் வீணாகியிருக்காது.

சரி, பி.ஏ.விலிருந்தே ஆரம்பிக்கிறேன் என்றேன். வயது தாண்டிவிட்டதாம். முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு இருக்கிறதே என்று கேட்டேன். அது வாரிசுகளுக்கு! பொறியியலில் இருக்கும் 150 இடமும் பிள்ளைகளுக்குத்தான். பிரதமர் பெயரிலான கல்வி உதவித்தொகை, மாதம் பையனுக்கு 2,500, பெண்ணுக்கு 3,000 ரூபாய், அதுவும் பிள்ளைகளுக்கும் கணவரை இழந்த பெண்களுக்கும்தான். அவர்களுக்குக் கொடுப்பதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை, நாளைக்கு என் மகளே வாங்குவாள். ஆனால் நான் போய்ச் சேர்ந்திருந்தால் என் மனைவி படிக்க உதவி உண்டு. உயிரோடு திரும்பி வந்த நான் படிக்க ஒரு வழியும் இல்லை. இதைச் சொல்லும்போதே நெஞ்சு எரிகிறது.

செய்ய முடியாத காரியமா இது? 2022-இல், நாலு வருஷத்துக்கு மட்டும் படைக்கு ஆளெடுக்கும் அக்னிவீர் திட்டம் வந்தபோது, ராணுவத்தில் பெறும் பயிற்சியையே பட்டத்துக்கான கிரெடிட்டில் பாதியாகக் கணக்கிட்டு இக்னோ மூலம் டிகிரி தருவதாக அறிவித்தார்கள். நல்ல காரியம், அந்தத் தம்பிகள் படிக்கட்டும். 4 வருஷப் பணியில் அவர்கள் பெறும் பயிற்சிக்கு கிரெடிட் உண்டு என்றால், என் 17 வருஷ மேப் ரீடிங்கும் வயர்லெஸ்ஸும் முதலுதவியும் எந்தக் கணக்கில் சேரும்? அமெரிக்காக்காரன் 1944-இல், போர் முடிவதற்கு முன்பே சட்டம் போட்டு, திரும்பி வந்த சிப்பாய்களில் 22 லட்சம் பேரைக் கல்லூரிக்கு அனுப்பினான். ஃபீஸையும் கட்டினான், வீட்டுச் செலவுக்கும் கொடுத்தான்.

இங்கே 35 வயதில் வெளியே வருகிறவனுக்கு ஊரே சேர்ந்து ஒரே வேலையைத்தான் கைகாட்டுகிறது. "ஏ.டி.எம்.ல செக்யூரிட்டி கேக்குறாங்க மாமா, சொல்லட்டுமா?" அந்த வேலை கேவலம் இல்லை. என்கூட இருந்தவர்கள் பலர் ராத்திரி ராத்திரியாக நின்று குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் துப்பாக்கி பிடித்த கை கடைசிவரை காவலுக்குத்தான் நிற்க வேண்டும் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறது?

தபால்வழிக்கே மறுபடி போகச் சொல்கிறார்கள். எனக்கு வகுப்பறை வேண்டும். வாத்தியார் போர்டில் எழுத வேண்டும், நான் கை தூக்கிக் கேள்வி கேட்க வேண்டும். 18 வயதில் விட்டது அதைத்தான்.

கடைசியில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள், ஃபீஸ் என் பென்ஷனிலிருந்து. அங்கேயும் ஒரு காகிதம் பாக்கி. பிளஸ் டூவுக்குப் பிறகு ஏன் இத்தனை வருஷ இடைவெளி என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி வர வேண்டுமாம். டிஸ்சார்ஜ் புக்கை விரித்துக் காட்டினேன். சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, போட்ட மெடல் எல்லாம் அதில் இருக்கிறது. "இது செல்லாதுங்க, ஸ்டாம்ப் பேப்பர்ல வேணும்" என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண்.

திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். ஸ்டாம்ப் பேப்பர் வாங்கியாகிவிட்டது. இடைவெளிக்கான காரணம் என்ற இடத்தில் என்ன போடட்டும் என்று டைப் அடிக்கிற தம்பி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.