அட்டை செய்கிறவர்களை அரட்டை அடிக்க விடுங்கள்

வாழ்த்து அட்டைகளைக் கையால் செய்பவர்களுக்கான எங்கள் வாட்ஸ்அப் குழுவில், இனிமேல் செய்து முடித்த அட்டைகளின் படங்களும் செய்முறைச் சந்தேகங்களும் மட்டுமே இடம்பெற வேண்டும், மற்ற அரட்டையை அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அதன்மீது எல்லோரிடமும் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். யோசனை சொன்ன அக்கா மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. குழு ஒழுங்காக நடக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் அவர் அதைச் சொன்னார். ஆனாலும் நான் அதை முழுமையாக எதிர்க்கிறேன். ஏன் எதிர்க்கிறேன் என்பதை நான்கு வரியில் சொல்லிவிட முடியவில்லை. தையல், கோலம், மாடித் தோட்டம் என்று நான் இருக்கும் மற்றக் குழுக்களிலும் இதே பேச்சு அவ்வப்போது எழுவதால், இங்கேயே விரிவாக எழுதுகிறேன்.

இந்தப் பொழுதுபோக்கை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். 250 அல்லது 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) கனமுள்ள ஏ4 தாளை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் நடுவில் மடித்தால் ஏ6 அளவில் ஓர் அட்டை கிடைக்கும். அது 114க்கு 162 மில்லிமீட்டர் உள்ள சி6 உறையில் சரியாக உட்காரும். அந்த உள்ளங்கை அகல முகப்பில்தான் எங்கள் உலகம் முழுவதும் இருக்கிறது. மெல்லிய தாள் பட்டைகளைச் சுருட்டி ஒட்டும் க்வில்லிங் சுருள்கள், ரப்பர் ஸ்டாம்ப், அச்சு வைத்து அழுத்தி வெட்டும் டை கட்டிங் மெஷினில் வெட்டிய பூக்கள், பொடி தூவிச் சூடான காற்றை வீசும் ஹீட் கன்னால் உருக்கிய தங்க எழுத்துகள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பிரியம். குழுவில் நாகர்கோவிலில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார், சேலத்திலும் திருப்பூரிலும் இல்லத்தரசிகள் இருக்கிறார்கள், தஞ்சாவூரில் கல்லூரி மாணவி ஒருத்தி இருக்கிறாள், காரைக்குடியில் வங்கி ஊழியர் ஒருவர் இருக்கிறார், சிங்கப்பூரிலிருந்து இரவுப் பணி முடித்துவந்து பேசுகிற செவிலியர் ஒருவரும் இருக்கிறார். பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. பெயரைவிட ஊரைச் சொல்லி அழைப்பதுதான் வழக்கம்; வயது எதுவானாலும் சேலம் அக்கா சேலம் அக்காதான், ஆசிரியை எல்லோருக்கும் டீச்சர்தான்.

அரட்டை என்று எதை நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. திருப்பூர் அக்கா புதிதாக வாங்கிய பூ அச்சிட்ட தாள் கட்டின் படத்தைப் போடுகிறார். "வெட்டுவீங்களா, இல்ல வழக்கம்போல பீரோவுல வச்சு சாமி கும்பிடுவீங்களா?" என்று சேலத்திலிருந்து கேள்வி வருகிறது. "என் பேத்தி கல்யாணத்துக்கு எடுத்து வச்சிருக்கேன்" என்கிறார் இவர். "பேத்தி பொறந்தாச்சா? சொல்லவே இல்ல!" "மகனுக்கே இன்னும் பொண்ணு பாக்கல." அதற்குள் தஞ்சாவூர்ப் பெண் நுழைந்து, அந்தத் தாளைப் பார்த்துதான் சம்பந்தி வீட்டார் வரப்போகிறார்கள் என்கிறாள். இன்னொரு நாள், காரைக்குடிக்காரர் செய்த அட்டையில் 'வாழ்க வளமுடன்' என்ற வரி வலது பக்கம் சற்றே மேலேறி ஒட்டியிருந்தது. "சார், உங்க வாழ்த்து மலையேறுதே" என்று யாரோ சொல்ல, "வளம்னா ஏறித்தானே போகணும்" என்று அவர் பதில் எழுதினார். அன்று முழுவதும் அந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இன்றும் யாருடைய வரியாவது சாய்ந்திருந்தால், வளம் ஏறுகிறது என்பதுதான் எங்கள் குழுவின் சொல்வழக்கு.

சந்தேகங்கள் மட்டும் போதும் என்பவர்கள், சந்தேகம் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கவனிக்கத் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன். சென்ற மழைக்காலத்தில் சேலம் அக்கா ஒரு கருநீல அட்டையின் படத்தைப் போட்டார். முகப்பு மிக அழகாக இருந்தது, ஆனால் மடிப்பு நெடுக நிறம் விட்டு, உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும்படி தாள் வெடித்திருந்தது. "கார்டுக்குப் பித்தவெடிப்பா அக்கா? களிம்பு தடவுங்க" என்று தொடங்கிய கேலி கொஞ்ச நேரம் ஓடியது. அதன் நடுவில் டீச்சர் வந்து, "தாளை எந்தப் பக்கமா வெட்டினே?" என்று கேட்டார். தாள் ஆலையில் ஓடும்போது அதன் இழைகள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படிகின்றன. அந்த இழைக்கு இணையாக மடித்தால் மடிப்பு வழுவழுப்பாக விழும், குறுக்கே மடித்தால் இழைகள் முறிந்து வெடிக்கும். தாளை மடிக்காமல் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால் எந்த வளைவு எளிதாக இணங்குகிறதோ அந்த வளைவுக் கோட்டின் திசைதான் இழையின் போக்கு என்று அவர் குரல்பதிவில் விளக்கினார். மடிப்பதற்கு முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேலை ஒட்டி ஒரு கோடு அழுத்தி இழுத்துக்கொண்டால் கனமான தாளும் அடங்கும் என்றார். ஃபெவிகால் தடவியதும் தாள் சுருண்டுகொள்வதற்கும், ஈரத்தில் இழைகள் குறுக்குவாட்டில் உப்புவதுதான் காரணம் என்று காரைக்குடிக்காரர் தொடர்ந்தார். சேலம் அக்கா அன்று சந்தேகம் எதுவும் கேட்கவில்லை. கடைக்காரர் மட்டமான தாளைக் கொடுத்துவிட்டார் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தனக்குத் தெரியாதது இன்னதென்று தெரியாதவர் எப்படிக் கேட்பார்? கேலி செய்யத் துணிந்தவர்கள் இருந்ததால் பேச்சு நீண்டது, பேச்சு நீண்டதால் டீச்சர் கண்ணில் பட்டது.

இந்தக் கேலிக்கு ஒரு நாகரிகம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதை யாரும் விதியாக எழுதி வைத்ததில்லை, ஆனால் மீறியவர்களையும் நான் பார்த்ததில்லை. புதிதாகச் சேர்ந்தவரின் முதல் அட்டையை ஒருவரும் கேலி செய்யமாட்டார்கள். அதில் நன்றாக வந்திருக்கும் ஒன்றைத் தேடிப்பிடித்துச் சொல்வார்கள். வயதானதால் கை நடுங்கும் ஓர் அம்மாவின் எழுத்து கோணினால் அதைப் பற்றி ஒரு சொல்கூட வராது. வாங்கிக் குவித்த தாளைக் கேலி செய்யலாம், வாங்க முடியாததைக் கேலி செய்யக் கூடாது. கேலிக்கு ஆளானவர் பதில் சொல்லாமல் அமைதியாகிவிட்டால், கேலி செய்தவர் தனியே அழைத்துப் பேசிவிடுவார். அடுத்தநாள் அவரே கேலிக்கு ஆளாவார் என்பதும் இந்த ஏற்பாட்டில் அடக்கம்.

வாங்க முடியாதது என்று சொன்னேன். இந்தப் பொழுதுபோக்கில் அது ஒரு பெரிய விஷயம். ஜப்பானின் கோபிக் என்ற வண்ண மார்க்கர் பேனாக்களில் 358 நிறங்கள் இருக்கின்றன, ஒன்றிரண்டு வாங்கவே பலருக்கு யோசனையாக இருக்கும். இறக்குமதியான டை கட்டிங் மெஷினின் விலையைக் கேட்டுவிட்டு ஆசையை அடக்கிக்கொண்டவர்கள் எங்களில் பலர். எங்கள் குழுவில் பெரிதும் பாராட்டப்படும் அட்டைகளைச் செய்கிறவரோ பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தவிர வேறெதையும் பயன்படுத்துவதில்லை. முகூர்த்த மாதம் முடிந்ததும் உறவினர் வீடுகளில் கிடக்கும் பத்திரிகைகளைக் கேட்டு வாங்கிக்கொள்வார். அந்தத் தாளின் கனமும் மினுக்கமும் தங்கப் பூவேலையும் கடையில் காசு கொடுத்தாலும் கிடைப்பது அரிது. பிள்ளையார் படத்தைக் கத்தரிக்கோல் படாமல் தனியே பிரித்தெடுத்துப் பூசை அறையில் வைத்துவிட்டு, மிச்சத்தில் மயில் செய்வார், தேர் செய்வார். "இந்த வைகாசியில எத்தனை பத்திரிகை தேறிச்சு?" என்று நாங்கள் கேட்பதும், "ரெண்டு கல்யாணத்துக்கு மொய் வச்சதுல ஒரு மயிலுக்குத் தோகை முளைச்சிருக்கு" என்று அவர் சொல்வதும் வழக்கம். விலை உயர்ந்த பொருள்களோடு வருபவரும் பழைய பத்திரிகையோடு வருபவரும் கூச்சமின்றிச் சமமாகப் பேசிக்கொள்கிற நிலையை இந்தப் பேச்சுதான் உண்டாக்கியது. முடித்த அட்டைகளின் படங்கள் மட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தால், மெஷின் வைத்திருப்பவர்களின் கண்காட்சியாகத்தான் அது முடியும்.

கைவேலையும் நட்பும் ஒரே மேசையில் இருந்ததற்கு வரலாறும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் எஸ்தர் ஹவ்லண்ட் என்ற பெண் 1847இல் கல்லூரிப் படிப்பை முடித்தார். இங்கிலாந்திலிருந்து வந்த, லேஸ் போன்ற பூவேலைத் தாளில் செய்த காதலர் தின அட்டை ஒன்றைப் பார்த்துத் தானும் சில மாதிரிகள் செய்தார். அண்ணன் தம்பிகளில் ஒருவர் வியாபாரப் பயணத்தில் அவற்றை எடுத்துச் சென்றபோது, 200 டாலருக்கு ஆர்டர் கிடைத்தால் போதும் என்று எஸ்தர் நினைத்திருந்தார். 5,000 டாலருக்கும் மேல் வந்துவிட்டது. உடனே அவர் தோழிகளை வீட்டுக்கு அழைத்து, ஒருவர் வெட்ட, ஒருவர் அடுக்க, ஒருவர் ஒட்ட என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார். அந்த அறையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்குப் பதிவு இல்லை. ஆனால் தோழிகள் பலர் சேர்ந்து ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தாளை வெட்டி ஒட்டிக்கொண்டு வாய்மூடி இருந்திருப்பார்கள் என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். அக்டோபர் மாத முதல் சனிக்கிழமையைப் பல நாடுகளில் அட்டை செய்பவர்கள் தங்களுக்குரிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று நாங்களும் வீடியோ அழைப்பில் கூடுகிறோம். திரையை யாரும் பார்ப்பதில்லை, எல்லோரும் குனிந்து வெட்டிக்கொண்டே பேசுகிறோம். ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் எங்களுக்கு அன்றைக்கு ஒரே மேசை.

1997இல் சூரிச் நகரில் ஸ்டிர்னெமான் என்ற கலைஞர் தொடங்கிவைத்த பரிமாற்ற அட்டைகளின் கதையும் இங்கே பொருந்தும். 64க்கு 89 மில்லிமீட்டர் அளவில் கையால் செய்யப்படும் அந்தச் சிற்றட்டைகளை விற்கக் கூடாது, செய்தவர்கள் நேரில் சந்தித்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவற்றின் ஆதார விதி. அட்டையைவிடச் சந்திப்பை முதன்மையாக்கிய விதி அது. நான் முன்பு இருந்த வேறொரு குழுவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. முதலில் பேச்சுக்குத் தடை வந்தது. பிறகு படங்களுக்குக் கீழே விலை வரத் தொடங்கியது. பிறகு ஒருவர் தன் செய்முறையைச் சொல்வதையே நிறுத்திக்கொண்டார், ஏனென்றால் கேட்டவர் போட்டிக்காரராகிவிட்டார். விற்பது தவறென்று நான் சொல்லவில்லை; இதை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன். ஆனால் பேச்சு இருந்த குழுவில் அந்தக் கதவுகள் அவ்வளவு சீக்கிரம் சாத்தப்பட்டிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லாவற்றுக்கும் மேலாக என்னை இந்தப் பக்கம் நிறுத்துவது வேறொன்று. எங்களில் ஒருவருடைய கணவர் திடீரென்று காலமானார். நம் ஊரில் துக்கத்துக்கு அட்டை அனுப்பும் பழக்கம் கிடையாது. நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவதுதான் முறை. அருகில் இருந்தவர்கள் போனார்கள். போக முடியாதவர்கள், நிறமோ பூவோ அச்செழுத்தோ எதுவும் இல்லாத வெள்ளை அட்டைகளைச் செய்து, உள்ளே கையால் எழுதித் தபாலில் அனுப்பினோம். பல மாதங்களுக்குப் பின் அவர் ஓர் அட்டையின் படத்தைப் போட்டபோது எல்லோரும் "அருமை அக்கா", "மிக அழகு" என்று பார்த்துப் பார்த்துப் பேசினோம். டீச்சர் மட்டும், "மூலையெல்லாம் தூக்கிக்கிட்டு நிக்குதே, டேப்புக்கு ரேஷன் போட்டுட்டாங்களா?" என்று எழுதினார். எங்களுக்குப் பதைத்துப்போயிற்று. சற்று நேரம் கழித்து அவரிடமிருந்து, "ஆமா டீச்சர், கார்டு காட்டினாத்தான் தர்றாங்க" என்று பதில் வந்தது. மறுநாள் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அந்த ஒரு வரி வரும்வரை உலகத்தில் எல்லோரும் தன்னிடம் மெதுவான குரலிலேயே பேசிக்கொண்டிருந்ததாகவும், டீச்சர்தான் முதன்முதலாகப் பழையபடி பேசினார் என்றும் சொன்னார். சந்தேகமும் படமும் மட்டும் வரும் குழுவில் அந்த வரிக்கு இடம் இருந்திருக்காது.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். வேலைக்குப் போய்விட்டு மாலையில் திறந்துபார்க்கும்போது நூற்றுக்கணக்கான செய்திகள் காத்திருப்பதும், டீச்சர் சொன்ன நல்ல குறிப்பு அவற்றுக்கு அடியில் புதைந்துபோவதும் உண்மையான தொல்லைகள். சிங்கப்பூரிலிருக்கும் செவிலியர், பகலில் தூங்கும்போது கைப்பேசி ஓயாமல் ஒலிக்கிறது என்று சொன்னதும் நியாயமானது. இவற்றுக்கு வழி இருக்கிறது. ஒலியை அணைத்துவைக்கும் வசதி எல்லோருடைய கைப்பேசியிலும் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை யாரும் எழுதுவதில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். விற்பனைப் பதிவுகளுக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கலாம். செய்முறைக் குறிப்புகளை அன்றன்று பொறுக்கியெடுத்து, தலைப்பு வாரியாக ஓர் இடத்தில் சேர்த்துவைக்கலாம். அந்த வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன், இழைப் போக்கு பற்றி டீச்சர் பேசிய குரல்பதிவை ஏற்கெனவே எழுத்தாக்கி வைத்திருக்கிறேன். அரட்டைக்கென்று தனிக் குழு தொடங்கலாம் என்ற மாற்று யோசனையை மட்டும் ஏற்க இயலவில்லை, ஏனென்றால் வெடித்த மடிப்பை அங்கே காட்டியிருந்தால் டீச்சர் அதைப் பார்த்திருக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலைவரை கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். குழுவில் இருக்கும் நண்பர்கள், குறிப்பாக எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒன்றும் எழுதாமல் இருப்பவர்கள், தயவுசெய்து அதற்குள் உங்கள் எண்ணத்தைப் பதிவிடுங்கள்.