இரண்டாவது கலையைத் தேர்ந்தெடுக்கும்முன்

கராத்தே, டேக்வாண்டோ, கிக் பாக்ஸிங் என்று அடுக்கிக்கொண்டே போவதைப் பலர் கலப்புப் பயிற்சி என்கிறார்கள். என்னைக் கேட்டால் அது ஒரே பாடத்தை மூன்று வகுப்பில் படிப்பது. இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தரையில் சாய்ப்பவன் வந்தால் மூன்றும் ஒரே இடத்தில்தான் திணறும்.

ஒவ்வொரு கலையின் பழக்கத்தையும் அதன் போட்டி விதிதான் உருவாக்குகிறது. ஒலிம்பிக் டேக்வாண்டோ போட்டியில் முகத்தில் குத்தக் கூடாது. அதனால் கைகள் தொங்கும். குத்துச்சண்டையில் உதை கிடையாது. எடை தயங்காமல் முன்காலுக்குப் போகும், தலை தாழக் குனியும். அப்படியே, உதையும் முழங்கால் அடியும் உள்ள தாய்லாந்துக் கலையான முய் தாய் ஆளிடம் போய் நின்றால் முன்காலின் தொடை உதை வாங்கிச் சீக்கிரமே மரத்துப்போகும், குனிகிற தலைக்கு முழங்கால் வரும். மல்யுத்தத்தில் முதுகு தரையில் படக் கூடாது என்பதால் குப்புறப் புரள்வார்கள். தரையில் பிடித்து மடக்கும் கலையான ஜியு-ஜிட்சுவில் அது முதுகைத் தாரைவார்ப்பது, அடுத்து கழுத்து நெரிபடும். ஜூடோவில் குப்புறச் சுருண்டு தாக்குப்பிடித்தால் நடுவர் "மாத்தே" (நிறுத்து) சொல்லி எழுப்பிவிடுவார். அந்த நடுவர் வேறெங்கும் வரமாட்டார்! 2013-க்குப் பிறகு சர்வதேச ஜூடோவில் காலைக் கையால் பிடிப்பதும் தடையாகிவிட்டதால், நிமிர்ந்தே நின்று பழகியவருக்குக் கால்பிடி வருவதே தெரியாது.

ஆகவே முதல் கலையின் விதி எதை மறைக்கிறதோ, அதைக் காட்டும் கலைதான் இரண்டாவது. அடிக்கிற கலைக்கு, ஆளைப் பிடித்துச் சாய்க்கிற கலை.

தொடக்கத்திலேயே இரண்டு அடிக்கிற கலைகள் வேண்டாம். கராத்தே அடிப்படைப் பயிற்சியில் குத்தாத கை இடுப்புக்கு இழுபடும். குத்துச்சண்டையில் கன்னத்துக்குத் திரும்பும். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் புதியவரின் கை நெஞ்சுக்கு நேரே நின்றுவிடும், எதற்கும் உதவாமல். 3 நிமிட ரவுண்டில் களைத்த பிறகும் கை தானாகக் காவலுக்குத் திரும்புகிறதா? பிறகு அடுத்ததைத் தொடலாம். வாரம் 5 நாள் என்றால் 3 நாள் முதல் கலைக்கு, 2 நாள் புதியதற்கு.

இரண்டையும் இணைப்பது தனி வேலை. 2 நிமிட ரவுண்டில் ஒருவர் ஜாப் (முன்கையால் நேராக விடும் விரைவான குத்து) மட்டும், மற்றவர் காலைப் பிடிப்பது மட்டும். தலையைத் தொங்கவிட்டு நுழைந்தால் கழுத்து கில்லட்டினில் (முன்பக்கமிருந்து கையால் கழுத்தை நெரிக்கும் பிடி) மாட்டும். பார்வை நிமிர்ந்து, தலை எதிராளியின் விலாவோடு ஒட்டி, முதுகு நேராக இருக்க வேண்டும்.

ஒரே வாரத்தில் இரண்டு இடத்திலும் கடுமையான ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்தால், ஒவ்வொரு மாஸ்டரும் தன் வகுப்பில் விழுந்த அடியைத்தான் கணக்கில் வைப்பார். இருவரிடமும் சொல்லிவிடுங்கள். தலையில் அடிபட்டபின் தலைவலி, குமட்டல் இருந்தால் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை தரைப் பயிற்சி வகுப்புக்கும் போகக் கூடாது.